பால் காட்டும் பருவம்: 2009க்குப் பின் ஊன்றிய பனை வரிசை ஒன்றின் இனப்பெருக்கக் கணக்கு

போர் முடிந்த 2009க்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீதியோரம், குளக்கட்டு, கடற்கரை மணல், பாடசாலை வளவு என்று பல இடங்களில் பனங்கொட்டை ஊன்றப்பட்டது. பதுங்குகுழிக்கும் காப்பரணுக்கும் வெட்டுண்ட பனைகளை ஈடுசெய்வதே நோக்கம். பனை முதற் பாளை தள்ளப் பொதுவாக 12 முதல் 20 வருடம் எடுக்கும். வடலி (இளம் பனை) வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை என்று ஊரில் சும்மா சொல்வதில்லை. அந்தக் கொட்டைகளில் முந்தியவை இந்த வருடங்களில்தான் ஆணா பெண்ணா என்று பால் காட்டத் தொடங்கியிருக்கின்றன.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது அப்படியான ஒரு மாதிரி வரிசை: 100 மரம், ஒரே மாரிக்கு முன் ஊன்றியது, கொட்டை எங்கே பொறுக்கியது என்ற பதிவு இல்லாதது. கீழே வரும் மர எண்ணிக்கைகள் கணக்கு விளங்குவதற்காகத் தரப்பட்டவை. அவை எந்தவொரு காணியின் அளவீடும் அல்ல. எத்தனை கொட்டை ஊன்றினோம் என்பதையே இதுவரை எல்லோரும் எண்ணி வந்திருக்கிறார்கள். எத்தனை தாய், எத்தனை தகப்பன் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. மரம் உயிரோடு நிற்கிறதா என்பதோடு கணக்கு முடிவதில்லை. அடுத்த தலைமுறையை அது தானாக உண்டாக்குமா என்று பார்த்தால்தான் நடுகை பலித்ததா என்று தெரியும்.

மரம் இயங்கும் விதம்

பனை ஈரில்லமுள்ள மரம். ஆண்பூ ஒரு மரத்தில், பெண்பூ இன்னொரு மரத்தில். தன்மகரந்தச்சேர்க்கைக்கு வழியே இல்லை. ஆண் பாளையில் விரல் தடிப்பில் நீண்ட கதிர்கள் தொங்கும். கதிரின் செதில்களுக்கு இடையிலுள்ள குழிகளில் பல மொட்டுகள் அடுக்காக இருந்து ஒவ்வொன்றாக வெளியே தலைநீட்டி விரியும். அதனால் ஒரே கதிர் பல நாட்களுக்கு மகரந்தம் தரும். பெண் பாளையில் கிளை குறைவு, பூ பெரிது, சூலகத்தில் மூன்று அறை. மூன்றும் கருவுற்று வளர்ந்தால் முக்கொட்டைப் பழம். ஒன்று தவறினால் இரண்டு, இரண்டு தவறினால் ஒன்று. ஒரு மரத்தின் கீழே ஒற்றைக்கொட்டைப் பழங்கள் வழமைக்கு மிஞ்சிக் கிடந்தால் அந்தப் பக்கத்தில் மகரந்தம் போதாமல் போயிருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். வறட்சியும் அதே விளைவைத் தரும் என்பதால் அடுத்தடுத்த இரண்டு பருவம் பார்த்த பின்பே முடிவுக்கு வரலாம்.

பனைக்கு ஒரே ஒரு குருத்து. வாழைக்குப் போலப் பக்கக்கன்று இல்லை, பதியம் இல்லை, ஒட்டு இல்லை. நிற்கும் ஒவ்வொரு பனையும் கொட்டையிலிருந்து வந்தது, ஒவ்வொன்றும் வேறு மரம். நன்றாகக் காய்க்கும் ஒரு தாயின் கொட்டையை ஊன்றினால் அந்தத் தாயே திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் பாதியை மறந்துவிடுகிறார்கள். மறுபாதி பெயர் தெரியாத ஒரு ஆண்பனையிடமிருந்து வந்தது. அந்த ஆண் எந்த வேலியில் நின்றது, அதன் தாய் எப்படிக் காய்த்தது என்று எவருக்கும் தெரியாது.

கொட்டையிலோ வடலியிலோ பால் தெரியாது. உருண்டைக் கொட்டை பெண், நீண்ட கொட்டை ஆண் என்பது போன்ற பேச்சுகளை நம்பி வடலியைப் பிடுங்கக் கூடாது. டிஎன்ஏ குறிகளைக் கொண்டு கன்றிலேயே ஆணை இனங்காணும் முயற்சிகள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. வளவில் பத்துக் கொட்டை ஊன்றுபவருக்கு அது எட்டும் காரியம் இல்லை. அவருக்கு உதவுவது நிகழ்தகவு. ஆணும் பெண்ணும் சரிபாதி வாய்ப்பு என்று கொண்டால், நாலு மரம் மட்டும் உள்ள வளவில் நாலும் ஒரே பாலாக அமையும் வாய்ப்பு 8இல் 1. பத்து மரம் பருவத்துக்கு வந்தால், குறைந்தது 3 பெண்ணும் 2 ஆணும் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 93 வீதம். இது பூக்கும்வரை தப்பிய மரங்களின் எண்ணிக்கை. ஊன்றிய கொட்டையின் எண்ணிக்கையை இந்தக் கணக்கில் போட்டால் ஏமாற்றம்தான்.

வரிசையை எண்ணுதல்

எண்ணும் காலம் தை கடைசி முதல் சித்திரை வரை. ஆண் பாளை பெரும்பாலும் முந்தி வரும், பெண் பிந்தி வரும். எனவே ஒரே தரம் போய் எண்ணினால் பிழைக்கும். மாசியில் ஒரு தரம், சித்திரையில் ஒரு தரம் போக வேண்டும். மூன்று நிரல் போதும்: ஆண், பெண், இன்னும் காட்டாதது. நெஞ்சுயரத்தில் ஆணுக்கு நீலமும் பெண்ணுக்குச் சிவப்புமாகப் பெயின்ற் வளையம் போட்டு, காட்டாததை வெறுமையாக விடலாம். ஆணி அடிப்பது வேண்டாம். வண்டுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

எண்ணும்போது மூன்று பிழைகள் வழமையாக நேரும். காய் இல்லாத மரத்தையெல்லாம் ஆண் என்று எழுதுவது முதலாவது. இளம் வரிசையில் இதனால் ஆண்களின் எண்ணிக்கை வீங்கிப் போகும். காட்டாதது காட்டாதது என்றே இருக்க வேண்டும். இரண்டாவது, கள்ளுக்குச் சீவும் மரங்கள். பாளை கட்டிச் சீவப்படும் மரத்தில் பூவும் இல்லை, காயும் இல்லை, நிலத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அங்கே சீவல் தொழிலாளரிடம்தான் கேட்க வேண்டும். ஆண் பாளையைத் தட்டிப் பதப்படுத்துவதும் பெண் பாளையைப் பதப்படுத்துவதும் வேறு வேறு கைவேலை என்பதால் அவர் மரத்துக்கு மரம் சொல்லுவார். மூன்றாவது, போன வருடத்து அடையாளத்தைப் பார்க்காமல் விடுவது. மரத்தடியில் உலர்ந்த கதிர்த்துண்டுகள் கிடந்தால் ஆண். பழக் காம்போடு ஒட்டியிருந்த தடித்த இதழ்த் தொப்பிகள் கிடந்தால் பெண். காவோலை விழுத்தாமல் தலை மூடி நிற்கும் மரத்தில் இந்த அடையாளம் பெரிதும் கைகொடுக்கும்.

மகரந்தமும் கத்தியும்

100 மரமும் பால் காட்டி, 50 ஆண், 50 பெண் என்று வந்ததாக வைப்போம். தாளில் பார்த்தால் இதைவிட நல்ல வரிசை இல்லை. ஆனால் பாளைக்கத்தி ஏறிய மரம் இனப்பெருக்கத்தில் இல்லாத மரம். சீவப்படும் ஆண் பாளை மகரந்தம் விடாது. சீவப்படும் பெண் பாளை காய்க்காது. முட்டி கட்டாத பாளைகளே அடுத்த தலைமுறைக்கு உரியவை.

இதை எண்ணாக்குவதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருவது பயனுறு எண்ணிக்கை. மரபணு வேறுபாட்டைக் காப்பாற்றும் விடயத்தில் அந்தக் கூட்டம் உண்மையில் எத்தனை மரத்துக்குச் சமம் என்பதை அது சொல்லும். 50 ஆணும் 50 பெண்ணும் பூக்க விடப்பட்டால் விடை 100. நுங்குக்கும் பழத்துக்கும் பெண்ணை விட்டுவைத்து, ஆணில் 10ஐ மட்டும் சீவாமல் விட்டால் 4 × 10 × 50 ÷ 60, அதாவது 33. ஆண்கள் 50ஐயும் சீவாமல் விட்டு, பெண்ணில் 5 மட்டும் மிஞ்சினால் 18. நூறு மரம் கண்ணுக்கு முன்னால் நிற்கும், வேலை செய்வது பதினெட்டு மரம்.

நுங்குக்கு வெட்டுவதும் இதே கணக்கில் சேரும். குலையோடு இறக்கிய இளங்காய்க்குக் கொட்டை இல்லை. வீதியோரத்துப் பெண்பனைகளில் வைகாசிக்குள் குலையெல்லாம் இறங்கிவிட்டால், அந்த மரம் அந்த வருடம் தாயாக எண்ணப்படக் கூடாது.

சீவலை நிறுத்தச் சொல்ல இங்கே இடமில்லை, அது ஒரு சமூகத்தின் சீவியம். தேவைப்படுவது சிறு விட்டுக்கொடுப்பு. 40 மரத்துக்கு 5 அல்லது 6 ஆண்பனைகளில், மரத்துக்கு இரண்டு பாளையையாவது கட்டாமல் விட்டால் மகரந்தத்துக்குப் பஞ்சம் வராது. அந்த ஆண்கள் வரிசையின் ஒரே அந்தத்தில் இருக்கக் கூடாது. பனை பூக்கும் மாதங்களில் வாடைக்காற்று ஓய்ந்து சோளகக்காற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட காலம் வரும். காற்று ஒரே திசையில் நிற்காது. தேனீக்களும் ஆண் கதிரில் மொய்க்கும். அவற்றுக்கும் ஆண்கள் பரவலாக இருப்பதுதான் நல்லது. வருடாவருடம் அதே ஆறு மரத்தையே விட்டுவைக்காமல் மரங்களை மாற்றி மாற்றி விட்டால், பத்து வருடத்தில் தகப்பன் எண்ணிக்கை பல மடங்காகும். செலவில்லாத திருத்தம் இது. ஆனால் நிறம் பூசி எண் போடாத வரிசையில் செய்ய முடியாது.

கொட்டை பொறுக்கிய கை

வரிசையின் இன்னொரு பலவீனம் ஊன்றிய அன்றே உள்ளே போய்விட்டது. நடுகைத் திட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் கொட்டை வேண்டும் என்றால் ஆட்கள் அள்ளக் கூடிய இடத்தில் அள்ளுவார்கள்: நிறையப் பழம் விழும் ஓரிரு மரத்தடி. மேலே சொன்ன சூத்திரத்தில் பெண் ஒன்று என்று போட்டுப் பாருங்கள். ஆண் 20 ஆனாலும் விடை 3.8. ஆண் ஆயிரமானாலும் 4ஐத் தாண்டாது. இரண்டு தாய், 20 தகப்பன் என்றால் 7.3. இருபது தாயும் இருபது தகப்பனும் என்றால் 40. தாயின் எண்ணிக்கை குறைந்தால் அதை வேறெதாலும் ஈடுகட்ட முடியாது என்பதை இந்த மூன்று விடைகளும் காட்டும்.

ஒரே தாயின் கொட்டைகள் ஒரே வரிசையில் வளர்ந்தால், பூக்கும்போது அவை தமக்குள்ளேயே கலக்கும். தாய் ஒன்று, தகப்பன் வேறு என்றால் பிறக்கும் கன்றின் உட்கலப்புக் குணகம் (ஒரே மூதாதையின் மரபணு தாய்வழியும் தகப்பன்வழியும் வந்து சேரும் வாய்ப்பு) 1/8. தகப்பனும் ஒன்றானால் 1/4. அயன்மகரந்தச்சேர்க்கையிலேயே வாழும் மரங்களில் இப்படியான கலப்பு கரு உதிர்வையும் நோஞ்சான் கன்றுகளையும் கூட்டும். பனையில் இந்தச் சேதம் வெளியில் தெரிய ஒரு தலைமுறையே போய்விடும், அப்போது ஊன்றியவர்களும் இருக்கமாட்டார்கள். அயல் வளவுகளிலிருந்து மகரந்தம் வரும் வலிகாமம் போன்ற நெருக்கமான இடங்களில் நிலைமை இவ்வளவு மோசமாகாது. சுற்றிலும் பனையில்லாத மணற்பகுதியிலோ தீவகத்தின் ஒதுங்கிய மூலையிலோ நட்ட வரிசைக்கு அந்த உதவி கிடையாது. அங்கே கொட்டைக்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

தலைகீழ்த் தெரிவு

1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே குடாநாட்டார் பனையோடு வாழ்கிறார்கள். ஆனாலும் நெல்லைப் போலவோ மாவைப் போலவோ பனை இனம் பிரித்து வளர்க்கப்படவில்லை. இது இன்றும் ஒரு காட்டுமரம், மனிதர் நடுவே நிற்கும் காட்டுமரம். மனிதரின் பழக்கமே அதன்மேல் இயற்கைத் தெரிவாக வேலை செய்கிறது. அந்தத் தெரிவு எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

பழத்தை எடுப்போம். பனங்களியின் கைப்புக்கு முக்கிய காரணம் ஃபிளாபெல்லிஃபெரின் என்னும் சப்போனின் வகை. மரத்துக்கு மரம் கைப்பு வித்தியாசப்படும். கைப்பில்லாத பழம் விழும் மரத்தடியில் விடியமுன் ஆள் நிற்கும். களி பனாட்டுக்கும் பணியாரத்துக்கும் போகும், கொட்டை பாத்திக்குப் போகும். பாத்தியில் கொட்டை முளைத்து, தை மாசியில் கிழங்காகக் கிண்டப்பட்டு, அவித்தோ ஒடியலாகவோ தீர்ந்துபோகும். எஞ்சுவது ஊமல், வெறும் கொட்டை ஓடு. கைத்த பழத்தை யாரும் அள்ளுவதில்லை. அது விழுந்த இடத்தில் கிடந்து, மாடு சப்பி உருட்டிப் போட்ட இடத்தில் முளைத்து வடலியாகும். கைப்பு மரபாக வருவது என்றால், வேலியோரத்தில் தானாக எழும் வடலிகளில் கைத்த தாய்களின் பிள்ளைகள்தான் அதிகம் இருக்க வேண்டும்.

பாத்தியிலும் இதே கதை. நேரத்தோடு முளைத்துத் திரண்ட கிழங்கு முதலில் கிண்டப்படும். பிந்தி முளைத்ததும் கண்ணில் படாமல் ஓரத்தில் கிடந்ததும் தப்பி வடலியாகும். நிறையக் கள் தரும் மரம் வருடம் தவறாமல் சீவப்படும். அதற்குப் பிள்ளை இல்லை. சாறு குறைந்த மரம் பூத்துக் காய்க்க விடப்படும்.

இது எவ்வளவு வேகமாக நடக்கும்? தலைமுறைக்குத் தலைமுறை வரும் மாற்றம், குணத்தின் மரபுரிமை விகிதத்தை (மரத்துக்கு மரம் உள்ள வித்தியாசத்தில் மரபால் வரும் பங்கு) தெரிவின் இடைவெளியால் (விட்டுவைத்த மரங்களின் சராசரிக்கும் முழுக் கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்) பெருக்கினால் கிடைக்கும். விட்டுவைக்கப்பட்ட மரங்களின் சராசரிச் சாறு, முழுக் கூட்டத்தின் சராசரியைவிட ஒரு லீற்றர் குறைவு என்றும், மரபுரிமை 0.2 என்றும் ஒரு பேச்சுக்கு வைத்தால், ஒரு தலைமுறையில் 0.2 லீற்றர் இறக்கம். பனை நூறு வருடத்துக்கு மேல் நிற்கக் கூடியது, தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். அதனால் இறக்கம் மெதுவாகத்தான் நடக்கும், ஒருவரின் ஆயுளில் தெரியாது. வேகத்தைக் கூட்டியது போர்தான். நின்ற பெருமரங்கள் ஒரேயடியாக வெட்டுண்ட இடத்தில் பழைய தலைமுறை மொத்தமாக விலகி, தானாக எழுந்த வடலிகளும் பதிவில்லாமல் ஊன்றிய கொட்டைகளும் இடத்தைப் பிடித்தன. பனை வெட்ட அனுமதி எடுக்க வேண்டும் என்ற சட்டம் நிற்கும் மரத்தைக் காக்கும். எந்த மரத்தின் கொட்டை மண்ணுக்குள் போகிறது என்பது சட்டத்தின் வேலை அல்ல.

கலப்பு

பனைக்கும் தென்னைக்கும் கலப்பு உண்டாகுமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு பேரினம், கலக்காது. பனையின் பேரினத்தில் ஐந்து இனங்கள் உண்டு. ஆசியா, ஆபிரிக்கா, மடகாஸ்கர், நியூகினி என்று சிதறியிருக்கின்றன. மேற்கு ஆபிரிக்காவின் ஓர் இனம் 2006இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது, அதுவரை மற்றவற்றோடு சேர்த்தே எண்ணப்பட்டது. எங்கள் பக்கத்தில் இயல்பாக நிற்பது ஒரே இனம். ஆகவே இனம் விட்டு இனம் கலக்கும் கேள்வி குடாநாட்டுப் பனையில் எழாது. அப்படியான கலப்பைப் பார்க்க விரும்புபவர் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பிச்சாவரம் கண்டற் காட்டுக்குப் போகலாம். அங்கே இரண்டு கண்டல் இனங்களின் கலப்புப்பிறப்பு ஒன்று 1995இல் முதலில் புது இனம் என்றே விவரிக்கப்பட்டது, பிறகுதான் கலப்பு என்று தெளிந்தது.

பனையில் கவனிக்க வேண்டியது ஊர் விட்டு ஊர் வரும் கொட்டை. தமிழ்நாட்டில் எஸ்விபிஆர் 1 என்ற தெரிந்தெடுத்த பனை வகை ஒன்று வெளியிடப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டுவந்து இங்கே நட்டால் என்ன என்று கேட்பது நியாயம்தான். தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி இல்லாமல் கொட்டை கொண்டுவருவது சட்டவிரோதம், அது ஒன்று. அனுமதியோடு வந்தாலும், பூக்கும் காலம் முன்பின்னாக இருந்தால் அது எங்கள் பெண்களோடு கலக்காமல் தனியே நிற்கும். பூக்கும் காலம் பொருந்தினால் அதன் ஆண்கள் விடும் மகரந்தத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது. மன்னார், வன்னிப் பக்கத்துக் கொட்டையைத் தாய்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகச் சேர்ப்பதே இப்போதைக்குப் போதுமானது, ஆபத்தும் குறைவு.

இடைவெளி நிரப்புதல்

எண்ணி முடித்த வரிசையில் செத்துப்போன இடங்களும் ஒரே பால் திரண்ட இடங்களும் தெரியும். திருத்தம் அந்த இடங்களில்தான்.

கொட்டை ஆடி, ஆவணியில் சேர்க்க வேண்டும். குறைந்தது 20 தாய், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவை, தாய்க்கு 10 பழம். அப்படியானால் 200 பழம், எல்லாம் முக்கொட்டையாக இருந்தால் 600 கொட்டை. உண்மையில் அதற்குக் குறையும். தாய்க்கு ஒரு சாக்கு, சாக்குக்கு ஒரு எண். எல்லாத்தையும் ஒரே குவியலாகக் கொட்டினால் பிறகு பிரிக்க வழியில்லை, நடுகைகளில் அதிகம் நடக்கும் தவறும் இதுதான். தாயைத் தெரிவுசெய்யும்போது பழத்தை வாயில் வைத்துப் பார்த்துக் கைப்புக் குறைந்ததை எடுக்கலாம். நன்றாகக் காய்க்கும் தாயையும், சீவலாளர் நல்ல சாறு என்று சொல்லும் தாயையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். சாறுள்ள தாய் சீவப்படுவதால் அதில் ஒரு பாளையை அந்த வருடத்துக்கு முன்கூட்டியே பேசி விடுவிக்க வேண்டியிருக்கும். அதன் விலையைக் கொடுத்துவிடுவது நல்லது.

களி எடுத்த பின் கொட்டையைக் காய்ந்துபோக விடாமல் நிழலில் குவித்து மூடி வைத்து, ஆவணி, புரட்டாதியில் மாரிக்கு முன் ஊன்ற வேண்டும். துளை விழுந்ததும் கைக்குப் பாரம் தெரியாததும் வேண்டாம். 3 மீற்றருக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு கொட்டை, இரண்டும் வேறு வேறு சாக்கிலிருந்து. பக்கத்துக் குழிக்கும் அதே சாக்கு வரக் கூடாது.

குழி ஆழத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பனங்கொட்டை முளைக்கும்போது முளையம் விதையிலை உறையோடு கீழே இறங்கும். தடை இல்லாவிட்டால் ஒரு மீற்றர் வரைகூடப் போகும். கொட்டை மேலே கிடக்க, குருத்து ஆழத்தில் உருவாகும். செம்மண் மெல்லிய போர்வையாகச் சுண்ணாம்புக்கல்லை மூடிக் கிடக்கும் வலிகாமத்துக் காணிகளில் கிழங்கு கல்லில் முட்டி மடங்கிவிடும். அலவாங்கால் 60 முதல் 90 சென்ரிமீற்றர் துளை போட்டு, இளக்கிய மண்ணால் நிரப்பி, மேலே 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் கொட்டையை வைக்க வேண்டும். கல் அவ்வளவு மேலே இருந்தால் அந்த இடத்தை விட்டுத் தள்ளி வைப்பதுதான் வழி. சிறிய பொலித்தீன் பையில் முளைக்கவைத்து நடுவது பனைக்கு ஒத்துவராது. கிழங்கு பையின் அடியில் சுருண்டுவிடும், பிடுங்கும்போது முறியும், முறிந்தால் குருத்தும் சேர்ந்து போகும்.

முதல் ஓலை மண்ணுக்கு மேல் தெரியச் சில மாதம் ஆகும். முளைக்கவில்லை என்று கிண்டிப் பார்ப்பதால் சாகும் கன்று நிறைய. குழிக்கு ஒரு தடி நட்டு, தாயின் எண்ணை எழுதிக் கட்டி, அடுத்த மாரிவரை கை வைக்காமல் விட வேண்டும். மாட்டுக்கும் நெருப்புக்கும் காவல் தேவை. பற்றை துப்புரவாக்க வரும் இயந்திரத்துக்கு வடலி புல்லாகத்தான் தெரியும், ஆகவே தடிகளுக்குச் சுண்ணாம்பு பூசினால் சாரதி கண்டுகொள்வார். மூன்றாம் வருடம் குழிக்கு ஒரு கன்று விட்டு மற்றதை வெட்டலாம். வெட்டும்போது மெலிந்ததை வெட்டுவது வழக்கம், ஆனால் பக்கத்துக் குழிகளில் ஒரே தாயின் கன்றுகள் ஏற்கெனவே அதிகம் நின்றால், மெலிந்திருந்தாலும் வேறு தாயின் கன்றை விட வேண்டும்.

தாய் எண், குழி எண், ஊன்றிய மாதம், பால் காட்டிய வருடம் ஆகிய நாலும் ஒரு கொப்பியில் ஏற வேண்டும். கொப்பியின் ஒரு பிரதியைக் காணிக்காரர் வைத்திருக்கட்டும், மற்றது கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ பாடசாலையிலோ இருக்கட்டும். இந்த வருடம் ஊன்றும் கொட்டை பால் காட்ட இன்னும் 12 வருடமாவது செல்லும், அதற்குள் பெயின்ற் அழிந்து தடியும் உக்கிப்போயிருக்கும்.